மண்டியிட்டு அளந்த அறை

மே கடைசி வாரம், சோமனூர்.
பள்ளிக்கூடத்தில் ஆளில்லாத மத்தியானம்
கதவைச் சாத்திவிட்டு,
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
வாசற்படியிலிருந்து பீரோ வரை
முழங்காலாலேயே நடந்தேன்.

பன்னிரண்டு வருசம் நின்றபடியே பார்த்த ஒன்றாம் வகுப்பு
அன்றைக்குத்தான் அடிப்பக்கத்தைக் காட்டியது.
மேசைக்கடியில் ஒட்டிக் காய்ந்த பபிள்கம்.
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுவர்.
என் நாற்காலியின் துருவேறிய கம்பிமுனை
சரியாக ஒரு கண்ணின் உயரத்தில்.
சுவரில் தொங்கிய தலைவர்களுக்கெல்லாம்
தாடையும் மூக்குத் துளையும்தான் இருந்தன.
கரும்பலகை எங்கோ வானத்தில்.

வெள்ளியங்கிரி கொத்தனார் வந்து
பலகையை அண்ணாந்து பார்த்தார்,
தரையில் கிடந்த என்னைக் குனிந்து பார்த்தார்.
"ஏனுங்க டீச்சர், இத்தனை கீழ எறக்குனா
எழுதறதுக்கு நீங்கல்ல குனியோணும்?"
"குனியறனுங்க."
ரசமட்டம் வைத்துக் கோடு போட்டார்.
கோடு என் இடுப்புக்குக் கீழே போனது.

தலைமையாசிரியர் குழந்தைவேலு,
பேரில் மட்டும் குழந்தை,
"அதிகாரி வந்தா சார்ட்டெல்லாம்
கண்ணுக்குத் தெரியோணும் பாத்துக்குங்க" என்றார்.
யார் கண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை.
அவருக்காக இரண்டை மேலே விட்டுவைத்தேன்.
மற்றதெல்லாம் கழற்றிய சுவர்
வெயிலுக்குச் சட்டையே கழற்றாதவன் முதுகாய்
வெளுத்திருந்தது.

அப்புறம் கை ஓயவில்லை.
பட்டறைகளில் கேட்டு வாங்கிய காலிக் கோன்கள் இருநூறு,
காடாத் துணித் துண்டு திணித்த நாலு மெத்தை,
பை மாட்டக் கொக்கிகள், மூன்றரை அடியில்.
பேர் எழுதவில்லை, எழுத்துத்தான் இன்னும் தெரியாதே.
கொக்கிக்கொரு படம்: பூசணி, ஓணான், பஸ், குடை, செம்மறி.
ஒன்றை மட்டும் வெறுமனே விட்டேன்.
நடுவில் யாராவது வந்து சேருவார்கள்.
எங்கள் ஊருக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒரு மூலையைப் பச்சைத் துணியால் வளைத்தேன்.
அழுகை வந்தால், கோபம் வந்தால்,
சும்மா இருக்கத் தோன்றினால் போய் உட்கார
கொஞ்சம் மௌனம்.
அதில்தான் எனக்குப் பெருமை.
அதற்காகவே மேற்கு ஜன்னலை அடைத்தேன்.
அந்தப் பக்கம் அறுபது தறி,
ராப்பகல் ஓயாத சடக்கு சடக்கு.

முதல் நாள்
ஓணானுக்கு இரண்டு பேர் சண்டை.
பூசணியை ஒருத்தரும் சீண்டவில்லை.
கோன்களை அடுக்கவில்லை, வாயில் வைத்து ஊதினார்கள்.
சுவாதிகா மட்டும் முதுகுப் பையைக் கழற்றாமல் அழுதாள்,
பதினோரு மணி வரை.
பச்சைத் துணிக்குள் கூட்டிப் போனேன்.
அழுகை இரட்டிப்பானது.
சத்தமே இல்லாத இடத்தில்
காதைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மா
தலையெல்லாம் பஞ்சோடு ஓடி வந்தாள்.
"ஊட்டுலயும் இப்படித்தானுங்க.
கரண்ட்டுப் போயித் தறி நின்னா முழிச்சுக்குவா.
தொட்டில் கட்டுனதே தறிக்குப் பக்கத்துலதானுங்களே."

டேப் பிடித்து அளந்ததில்
இது எங்கேயும் வரவில்லை.

மேற்கு ஜன்னல் கொண்டியைத் தள்ளினேன்.
செருப்பைக் கழற்றாத ஒறம்பரை போல
சடக்கு சடக்கு உள்ளே வந்தது.
விசும்பல் உடனே நிற்கவில்லை,
தறியோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஓடியது.
பிறகு பையைக் கழற்றி
படமில்லாத கொக்கியில் மாட்டினாள்.
"இதுக்கு என்ன கண்ணு வரையட்டும்?"
ஜன்னலைக் காட்டினாள்.

சத்தத்தை வரைய எனக்கு வரவில்லை.
மக்யா நாள் பார்த்தால்
அவளே கிறுக்கியிருந்தாள், புதுச் சுண்ணாம்பில்,
பென்சிலால், குறுக்கும் நெடுக்குமாய்.

அதிகாரி வருமுன் அழித்துவிடச் சொன்னார் குழந்தைவேலு.
"அவுரு கண்ணுக்கு அது தெரியாதுங்க சார்" என்றேன்,
தரையிலிருந்து.